சபிதாவுக்கு இடம் சொல்கிறவள்

கம்பெனியில் சபிதாவுக்கு ஊசி ஏறியது எந்தக் கையில் என்பதுதான் முத்துப்பேச்சிக்கு ஞாபகம் வரமாட்டேன் என்றது. விரல் தெரிகிறது, ஆள்காட்டி விரல். நகத்தின் நட்டநடுவில் இறங்கி அடிச்சதை வழியாக எட்டிப்பார்த்த மிசின் ஊசி தெரிகிறது. டைலர் அண்ணன் பதறிப்போய்ச் சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி ஊசியைத் தூக்கியதும், அந்தச் சமயத்திலும் சபிதா அழாமல் கொள்ளாமல், "ஏனுங்ணா, பீஸ்ல ரத்தம் பட்டுருச்சுங்ளா, டேமேஜ்ல தள்ளிருவாங்ளா" என்று கேட்டதும், சுற்றி நின்ற பெண்கள் உச்சுக்கொட்டியதும், எல்லாம் நேற்று நடந்த மாதிரி அப்படியே நிற்கிறது. நகம் பிற்பாடு கறுத்து, புளியங்கொட்டை மாதிரி மினுமினுவென்று ஆகி, அதற்கு மருதாணி வைத்துப் பார்த்து, மருதாணியும் ஏறாமல், "கெடக்குது போ, தொலஞ்சு போனா அடையாளம் சொல்ல ஆவும்" என்று சபிதா சிரித்ததும் தெரிகிறது. கைதான் தெரியவில்லை. இடதா, வலதா. அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தைக்கிற பனியன் துணியைக் கைமடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், எதிரே இருந்தால் இடது வலதாகத் தெரியும், அப்படியென்றால் இந்தப் பக்கம், இல்லை, அன்றைக்குச் சாப்பாட்டு நேரம், அவளுக்குப் பக்கத்தில் அல்லவா நின்றோம் என்று பேச்சி டெஸ்க்குக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் விரித்துவைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குழந்தைவேலு சார் மேசையில் அட்டெண்டன்ஸை விரித்து, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, "அமுதவல்லி" என்று ஆரம்பித்துவிட்டார். "உள்ளேன் ஐயா." ஜன்னலுக்கு வெளியே சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்து நொய்யல் ஆறு இன்றைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது. நேற்று என்ன நிறம்? அதுவும் ஞாபகமில்லை. இப்படி ஒவ்வொன்றாக மறந்துகொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்?

ஊரில் இதற்கு அரைப் பள்ளிக்கூடம் என்றுதான் பேர். வாசலில் மாநகராட்சி போட்ட நீளமான பேர்ப்பலகை ஒன்று இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. மத்தியானத்தோடு விட்டுவிடுவதால் அரை. விட்டதும் பிள்ளைகள் பனியன் கம்பெனி ஷிப்டுக்கு ஓடிவிடுவார்கள். பாதியில் படிப்பை விட்டவர்களாகத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதால் பிள்ளைகளும் அரை என்று பெரிய பள்ளிக்கூடத்துப் பையன்கள் ரோட்டில் போகும்போது கத்துவார்கள். பேச்சி மாதிரி உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்து அப்பன் ஆத்தாளோடு பஸ் ஏறியவர்கள், தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்தவர்கள், ஒடிசாவிலிருந்து ரயிலில் வந்தவர்கள், தோட்டத்தை விற்றுத் தின்ற உள்ளூர்க் குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றிரண்டு, கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்த ரேவதி, கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு வந்த ஒருத்தன். மீசை முளைத்தவனும் மாராப்பு போட்டவளும் பத்தாம் வகுப்புப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு, வேறெங்கும் இருக்காது. வந்திருந்தால் உள்ளேன் ஐயா. வரவில்லையென்றால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் உட்காருகிறவர் எழுந்து சொல்ல வேண்டும். இடம் சொல்வது என்று அதற்குப் பேர். வந்தவருக்குக் கோடு, இடம் சொல்லப்பட்டவருக்குப் புள்ளி. ஆள் இல்லை, இடம் சொல்லவும் ஆள் இல்லையென்றால் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். அது அப்படியே கிடந்தால் ஒரு நாள் சார் ஸ்கேலை வைத்து அந்தப் பேரின்மேல் சிவப்பு மையில் கோடு இழுப்பார். "எங்க இருக்கறான்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போதும் சாமி, அது இன்னும் நம்ம புள்ளைதான்" என்பார். "தனலட்சுமி." "கல்யாண மண்டபத்துல சார், எலை எடுக்கப் போயிருக்கா. நாளைக்கு வந்துருவா." "வரும்போது எனக்கு ரெண்டு வடை மடிச்சுட்டு வரச் சொல்லு." புள்ளி. "பிபின் மாஜி." "தூங்குறான் சார்." "எங்கீடா?" "இங்கதான் சார், பெஞ்சுக்கடியில. ஒண்ணரை ஷிப்டு ஓட்டிட்டு நேரா வந்துட்டான்." எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சாருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த சென்னை மேடமும் எட்டிப்பார்த்துவிட்டு, "தூங்கறவரை வந்ததா எடுத்துக்கலாமா சார்?" என்று மெல்லக் கேட்டார். "ஊட்ல தூங்காம இங்க வந்து தூங்கறானுங்ளே மேடம், அதுவே பெருசுங்க" என்று சார் கோடு போட்டார்.

அந்த மேடம் கல்வி ஆபீசிலிருந்து வந்திருப்பதுதான் இன்றைக்கு வினை. இந்தப் பள்ளிக்கூடத்தில் யார் படிக்கிறார்கள், எந்த ஊர், அப்பா அம்மாவுக்கு என்ன வேலை, படித்து முடித்து என்ன ஆனார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டு மடியிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்தார். காலையிலேயே வந்து சாரோடு அவர் பேசியதைப் பேச்சி தண்ணீர்க் குடம் நிரப்பும் சாக்கில் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "முடிச்சவங்கெல்லாம் இப்ப எங்க சார்?" சாருக்கு அதற்குக் காகிதம் எதுவும் வேண்டாம், வாயிலேயே வைத்திருக்கிறார். "ஒருத்தி ஈரோட்ல நர்சிங்குங்க. ரெண்டு பசங்க ஐடிஐ. பாதிப் பேருக்கு மேல அதே கம்பெனிதானுங்க, ஆனா கைமடிக்கப் போனவ இப்பச் செக்கிங்கு சூப்பர்வைசர், அந்த மட்டுக்கும் சந்தோசம். ஒருத்தி புள்ளப் பெத்து என்ற பொண்டாட்டி பேர வெச்சிருக்கறா. ஒருத்தன் கோயமுத்தூர் செயில்ல." மேடத்தின் விரல் நின்றுவிட்டது. "அதை எப்படி சார் எழுத?" "எடந் தெரியுதுங்ளே. அவுனுக்கும் புள்ளிதானுங்க." மேடம் சிரிக்கவில்லை, ஆனால் டேப்லெட்டை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல மாதிரிதான் போலிருக்கிறது. நல்ல மாதிரியாக இருந்து என்ன, பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பேர்களும் இன்றைக்கு அவரோடு போகின்றன. கோடு இருக்கிற பேர் போகும், புள்ளி இருக்கிற பேர் போகும், வெறும் கட்டம் போகாது. "எதுக்கும் புள்ளி வாங்கினவங்களுக்கு ஒரு போன் நம்பர் குடுத்துட்டீங்கன்னா நான் சரிபார்த்துக்குவேன் சார்" என்றும் மேடம் சொல்லியிருந்தார். குடம் நிரம்பி வழிந்து பேச்சியின் காலெல்லாம் நனைந்த பிறகுதான் அவளுக்குக் குழாயை மூடத் தோன்றியது. சேர்ந்த வரிசையில்தான் பேர் கூப்பிடுவார்கள். பேச்சியும் சபிதாவும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். சபிதா நாயக், அதற்கடுத்து முத்துப்பேச்சி. கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும், முதலிலிருந்து எண்ணினால் இன்னும் நேரமிருக்கிறது. முதலிலிருந்தே எண்ணிக்கொள்வோம்.

சேர்ந்த அன்றைக்கு அவளைப் பார்த்து உள்ளூர்ப் பிள்ளை என்றுதான் பேச்சி நினைத்தாள். "ஏனுங்க்கா, இங்க ஆராச்சும் உக்காந்திருக்காங்ளா" என்று ராகம் போட்டு இழுத்துக் கேட்டுக்கொண்டு வந்தவள், சார் பேர் கேட்டபோது சபிதா நாயக், ஒடிசா என்றதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. நடக்கப் பழகும்போது வந்தவளாம். பேச்சிக்கு வந்து இத்தனை வருசமாகியும் வாயைவிட்டு 'அங்கிட்டு'ம் 'இங்கிட்டு'ம் போகவில்லை. "நீதாம் புள்ள வெளியூரு, நானெல்லாம் இந்தூரு" என்று சபிதா அவளைக் கிண்டலடிப்பாள். "போடி, ஒங்க ஊருக்குப் போற ரயிலு ரெண்டு ராத்திரி ஓடுதாம்ல, நீ இந்தூராக்கும்" என்பாள் பேச்சி. ஒரு நாள் தூக்குவாளியைத் திறந்து சபிதா சாப்பிட்டது தண்ணீர் ஊற்றிய பழைய சோறும் சுட்ட கத்தரிக்காயும். "என்னடி, எங்க வீட்டுச் சோத்த நீ கொண்டாந்திருக்க" என்று பேச்சி தன் வாளியைத் திறந்து காட்டினாள், அதிலும் அதே பழைய சோறு, கடித்துக்கொள்ள வறுத்த மோர்மிளகாய். "எங்கூட்ல இத பொகாளாம்பாங்க." "பகாளா." "அப்படியில்ல, பொகாளா." சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழக்கினாள். அதற்கப்புறம் வாளி மாற்றிக்கொள்ளாத நாள் இல்லை. அவள் கத்தரிக்காயில் கடுகெண்ணெய் காரம் மூக்கில் ஏறும், கண்ணில் தண்ணீர் வரும், வேண்டாமென்று தோன்றும், கை மறுபடி போகும். இப்போது அந்தக் காரத்தை நினைத்தாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது, எண்ணெயே இல்லாமல். தீபாவளிக்கு முன்னால், போனஸ் வேலை நெட்டித்தள்ளிய சமயம், இரண்டு பேரும் ஆற்றுப் பாலத்தில் நடந்து கம்பெனிக்குப் போகும்போது சபிதா திடீரென்று நின்று சொன்னாள். "நா வல்லைன்னா எடஞ் சொல்லிப்போடு புள்ள. பேரு போயிரக்கூடாது. இந்தப் பரிச்சய எப்படியாச்சும் எழுதிப்போடணும்." என்னத்துக்குடி இப்ப அது என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றாள். சும்மாதான் என்று யாராவது சொன்னால் அங்கேயே அவர்கள் சட்டையைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். பேச்சி கேட்கவில்லை. சங்கு ஊதிவிட்டது, இரண்டு பேரும் ஓடினார்கள். மறுவாரம் சபிதா வீட்டார் குடியிருந்த லைன் வீட்டில் பூட்டு தொங்கியது. ஆள் பிடிக்கிற கான்ட்ராக்டர் வேனில் ஏற்றிக்கொண்டு போனான், எங்கே என்று யாரைக் கேட்டோம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. போன் போட்டால் ஒரு பொம்பளை இந்தியில் ஏதோ சொல்கிறாள், பிறகு இங்கிலீஷில், தமிழில் சொல்வதற்குள் கட்டாகிவிடுகிறது.

அன்றைக்குச் சார் பேர் கூப்பிட்டபோது பேச்சி எழுந்து, "ஊருக்குப் போயிருக்கா சார்" என்றாள். தீபாவளிக்கு எல்லாரும்தான் ஊருக்குப் போகிறார்கள், அதில் என்ன பொய். புள்ளி விழுந்தது. திரும்பி வர டிக்கெட் கிடைக்கவில்லை என்றாள், புள்ளி. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாள், புள்ளி. "அங்க என்ன பண்றாளாம்?" என்று சார் அக்கறையாகக் கேட்டுத் தொலைத்தார், ஆடு மேய்க்கிறாள் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அந்த ஆட்டுக்கு ஒரு நிறம் வேண்டியிருந்தது. செவலை என்றாள். ஆடு தண்ணீர் குடிக்க ஒரு குளம், குளத்தங்கரையில் ஒற்றைக் கண் மாமா ஒருத்தர், அவருக்கு வெற்றிலைப் பைத்தியம், சபிதாவைக் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். வகுப்பே இதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டது. "மாமனுக்கு வெத்தல கெடச்சுதா பேச்சி?" "செவல குட்டி போட்டுச்சா?" என்று மயில்சாமி முன்பெஞ்சிலிருந்து திரும்பிக் கேட்பான். கம்பெனி வண்டியில் கிளீனராகப் போகிறவன், ஊர்ச் செய்தியெல்லாம் அவனுக்கு வேண்டும். "ரெண்டு குட்டிடா, ஒண்ணு கருப்பு." எல்லாருக்கும் சந்தோசம். பேச்சிக்குமே சந்தோசம்தான், அதைச் சொல்லவில்லையென்றால் சாமி குத்தம். ராத்திரி படுத்தால் நாளைக்கு என்ன சொல்வது என்று யோசிப்பாள், யோசிக்க யோசிக்க அந்தக் குளம் தெளிந்துகொண்டே வரும், படிக்கட்டில் பாசி, தாமரை இலைமேல் தவளை, சபிதா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்டைக் குளிப்பாட்டுகிறாள், அவள் அங்கே நன்றாக இருக்கிறாள், பகாளா தின்கிறாள், தூங்குகிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போன, முன்பு லைன் வீட்டு வாசலில் பார்த்த கான்ட்ராக்டரின் மோதிரம் போட்ட கை நினைவில் எழும்பும்போதெல்லாம் பேச்சி அவசரமாக அந்தக் குளத்துக்குப் போய்விடுவாள். குளத்தில் கான்ட்ராக்டர் கிடையாது.

"நூர்ஜஹான்." "உள்ளேன் ஐயா." "பழனியாண்டி." "டையிங் பட்டறையில சார். அண்ணனுக்குப் பதிலா நிக்கிறான். இந்தாங்க மேடம் நம்பரு." பேர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன. முதலிலிருந்து எண்ணினாலும் இப்போது அருகில்தான். பேச்சி இன்றைக்குச் சொல்வதற்குத் தயாராகத்தான் வந்திருக்கிறாள், சபிதாவின் தங்கச்சிக்குக் காது குத்து, பங்காளிகள் வர வேண்டும், அடுத்த வாரம் ரயில். நம்பர் கேட்டால்? அந்த ஊரில் டவர் கிடையாது மேடம். ஒற்றைக் கண் மாமாவின் போன்தான் இருந்தது, அதுவும் குளத்தில் விழுந்துவிட்டது. சொல்லிவிடலாம். நாக்குக்கு இப்போதெல்லாம் எலும்பே இல்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்தால் புள்ளி, புள்ளி விழுந்தால் பேர் போகும், பேர் போனால் பரீட்சைக்குச் சீட்டு வரும், சீட்டு வந்தால் சபிதா எங்கிருந்தாவது வந்துதானே ஆகவேண்டும். இத்தனையும் சரியாக இருக்கிறது, கை மட்டும் சரியாக இல்லை. இடதா, வலதா. பேச்சி கண்ணை மூடிக் குளத்துக்குப் போனாள், அவளையே பார்த்துவிடலாமென்று. சபிதா படியில் குனிந்து செவலைக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏ சபிதா, கையக் காட்டு. அவள் காட்டினாள். இரண்டு கையும் காட்டினாள். பத்து நகமும் சுத்தமாக, ரோஸ் நிறத்தில், மருதாணி ஏறிய நகங்கள். ஊசியே ஏறாத கை. பேச்சி ஒரு படி இறங்கினாள். ஏதாவது பேசுடி என்றாள். அந்தச் சபிதா வாயைத் திறந்து பேசினாள், பேச்சிக்கு ஒரு சொல் புரியவில்லை, அவர்கள் ஊர்ப் பாஷை. 'ஏனுங்' இல்லை, 'புள்ள' இல்லை. இவள் யார்? இத்தனை நாளாக யாரைக் குளிப்பாட்டிச் சோறு போட்டு வைத்திருந்தோம்? இவளைப் பத்திரமாக வைத்திருந்த அத்தனை நாளும் அவள் எங்கே இருந்தாள், கறுத்த நகக்காரி, ரத்தம் ஒழுகும்போதும் பீஸைப் பற்றிக் கவலைப்பட்டவள், என் மோர்மிளகாயைத் திருடித் தின்றவள், அவளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

"சபிதா நாயக்." மேடம் நிமிர்ந்தார். மயில்சாமி வழக்கம்போலத் திரும்பி, கன்னத்தில் கைவைத்துக் கதை கேட்கத் தயாரானான். பேச்சி எழுந்தாள். காது குத்து என்று சொல்ல வாயைத் திறந்தாள். "தெரியல சார்" என்று வந்தது. சார் தலையைத் தூக்கவில்லை, பேனா மட்டும் நின்றது. "என்ன கண்ணு?" "அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல சார். அப்பயிருந்தே தெரியாது. ஆடெல்லாம் கெடையாது." பெஞ்சுக்கடியில் பிபின் குறட்டை விடுவது கேட்டது. சார் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று பார்த்தால், குரல் இறங்கிப்போய், "மொதல்லயே சொல்லிருந்தீன்னா எல்லாருமாச் சேந்து தேடியிருக்கலாமே சாமி" என்றார், அதற்குத் திட்டே தேவலாம் போலிருந்தது. புள்ளி வைத்து வைத்துத் தேடவிடாமல் செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் பேச்சிக்குள் இறங்கியது, நகத்தில் ஊசி இறங்குகிற மாதிரி, முதலில் வலியே இல்லாமல். "வேற ஆருக்காச்சும் தெரியுமா?" என்று சார் பொதுவாகக் கேட்டார். அவர் பேனாவை அடுத்த பேருக்கு நகர்த்தப் போனபோது மயில்சாமி எழுந்து நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் பேச்சி பார்த்தது அன்றுதான். "சார், நா பாத்தனுங்." "எங்கீடா?" "பொங்கலுக்கு முந்தி அவிநாசி பஸ் ஸ்டாண்டுலங். மில்லு வண்டி ஒண்ணு நின்னுட்டிருந்துச்சு, உள்ளாற பூராம் பொம்பளப் புள்ளைங்க. சன்னல் கம்பியப் புடிச்சுட்டு ஒரு புள்ள. சபிதா மாறயே இருக்குதேன்னு பாத்தேன். என்னப் பாத்துக் கையக்கூட ஆட்டுச்சுங்." எச்சில் விழுங்கினான். "இவதான் டெய்லி சொல்றாளே, அவ ஊர்ல ஆடு மேய்க்கறான்னு. செரி, வேற ஆரோன்னு நெனச்சு நாந் திரும்பிட்டனுங் சார்." "அவதானான்னு எப்படிடா சொல்ற?" என்று சார் கேட்டதற்கு, "வெரல் நகம் கருப்பா இருந்துச்சுங்" என்றான். "எந்தக் கை?" பேச்சிக்கே தெரியாமல் அவள் குரல் அலறியது. "எந்தக் கைடா ஆட்டுனா?" மயில்சாமி தன் கைகளைத் தூக்கி ஒன்றைப் பார்த்தான், மற்றதைப் பார்த்தான், கீழே போட்டான். "தெரியல பேச்சி."

சார் மயில்சாமி பக்கம் திரும்பினார். வண்டியில் மில்லுப் பேர் பார்த்தாயா என்று கேட்டார்; பார்க்கவில்லை, வெள்ளை வண்டி, பக்கவாட்டில் பச்சைக்கோடு, சனிக்கிழமையானால் சந்தைக்குப் புள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் என்றான் மயில்சாமி. சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையை அசைத்தார், ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று தெரியாத மாதிரி. பேனா இறங்கிச் சபிதாவின் கட்டத்தில் அழுந்துவதைப் பேச்சி பார்த்தாள், ஆனால் அதற்குள் அவள் பஸ் ஏறியாயிற்று. கம்பெனிக் கேட்டைத் தாண்டி, மேம்பாலத்தைத் தாண்டி, ஜன்னலோரம் நின்றுகொண்டே, வெயில் முகத்தில் அறைய, இறங்கி, டீக்கடைப் புகைக்குள்ளும் வாழைத்தார் இறக்குகிறவர்களுக்கு நடுவிலும் ஓடி, வெள்ளை வண்டி ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்து, இது இல்லை, இது இல்லை, பச்சைக்கோடு எங்கே, கம்பியைப் பிடித்த விரல்கள் எங்கே, ஒரு கை வெளியே நீண்டு ஆடிக்கொண்டே இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்க்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. "முத்துப்பேச்சி" என்றார் சார். கடைசிப் பெஞ்சில், கண்ணெதிரே, டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். "முத்துப்பேச்சி" என்று இரண்டாம் தரமும் கூப்பிட்டார். பக்கத்தில் உட்காருகிறவர்தான் சொல்ல வேண்டும். அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதனால் மயில்சாமி மறுபடி எழுந்தான்.

"அவிநாசி பஸ் ஸ்டாண்டுல இருக்கா சார்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சார் புள்ளி வைத்தார்.